தொப்பூர் கணவாயில் சினம் ஏறுவதும் தணிவதும்

வீட்டில் அதிர்ந்து பேசாத தன் தந்தை, தொப்பூர் கணவாயில் முன்னே செல்லும் லாரி வழிவிடாவிட்டால் மட்டும் ஹாரனை விடாமல் அடித்துத் திட்டுவது ஏன் என்று பாலக்கோட்டைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், பாரம் ஏற்றிய லாரி தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்வதே முறை; நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பின்னால் வரும் காரோட்டிக்கு இந்தக் காரணமும் தெரிவதில்லை, லாரி ஓட்டுநரின் முகமும் தெரிவதில்லை. ஆகவே அதைத் திமிர் என்றே எடுத்துக்கொள்கிறார். பிறர் செயலுக்குச் சூழலைவிடக் குணத்தையே காரணமாகக் கருதும் இந்தச் சாய்வுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் பெயரிட்டு விளக்கினார். அதன்பின், ஆபத்தில் உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் கிளர்ந்து, அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடப்பது பள்ளியில் படித்ததுதான்.

என்னைப் பெரிதும் வியக்க வைப்பது, மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து அந்தப் படபடப்பை அடக்கும் வேகஸ் நரம்பு. உடலியல் ஆய்வாளர் ஓட்டோ லோவி 1921-இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதிலிருந்த உப்புக் கரைசலை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் செலுத்தினார். எந்த நரம்பும் தூண்டப்படாத அந்த இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை ஆள்கிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அசிட்டைல்கோலின் என்று பின்னர் அறியப்பட்ட அப்பொருள் மிக விரைவாகச் செயல்படுகிறது: பரிவு நரம்பின் தூண்டல் இதயத்தில் முழுமையாகத் தெரியச் சில நொடிகள் ஆகும்போது, வேகஸின் தூண்டல் அடுத்த துடிப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்த நரம்பை நேராக இயக்க நம்மால் முடியாது. மூச்சின் வழியே முடியும். மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸின் செயல் தளர்ந்து துடிப்பு விரைகிறது, வெளிவிடும்போது வலுப்பெற்றுத் துடிப்பு தணிகிறது. அமைதியாக அமர்ந்து மணிக்கட்டில் விரல் வைத்து நீளமாக மூச்சை விட்டால், நாடி இடைவெளி கூடுவதை இளைஞர்கள் பலர் தாமே உணரலாம். ஆனால் அசிட்டைல்கோலின் ஒரு நொதியால் உடனுக்குடன் சிதைக்கப்படுகிறது, இரத்தத்தில் கலந்த அட்ரினலினோ சில நிமிடங்கள் நீடிக்கிறது. எனவே ஒரு மூச்சு போதாது. முன்னே செல்லும் வண்டிக்கு நன்றாக இடைவெளி விட்டு, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடங்கள் தொடர வேண்டும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் காத்திருக்கும்போதே இதைப் பழகிக்கொள்ளலாம்.

விபத்து நடந்த வளைவைக் காவு கேட்கும் இடம் என்று சொல்லிப் பூசணிக்காய் உடைப்பதைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது, ஏனெனில் ஆராயத்தக்க காரணங்கள் அத்துடன் மறக்கப்படுகின்றன. சாலையை அகலப்படுத்தும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும், இந்தச் சரிவில் நாள்தோறும் வண்டி ஓட்டுபவர்களின் இதயத்துடிப்பையும் உறக்கத்தையும் அளந்து ஆராய ஒதுக்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் கிளட்ச், கியருடன் இந்த மூச்சுப் பயிற்சியையும் கற்றுத்தர வேண்டும்.