‘ரா’வில் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

“படத்தோட கீழ்ப்பகுதி கறுப்பா இருக்கு, எடிட்டிங்ல எடுத்துடலாமா?” இந்தக் கேள்வியோடு இன்னொரு குழுப்படமும் வந்திருக்கிறது. முடியாது. அந்தப் பட்டையில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழவே இல்லை.

பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷ் ஒத்திசைவு, அதாவது ஃப்ளாஷோடு சேர்ந்து ஓடக்கூடிய ஷட்டர் வேகம், 1/200 அல்லது 1/250 நொடியோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால், ஒளியைப் பதியும் சென்சாரின் ஒரு பகுதியை ஷட்டர் திரை மூடியிருக்கும்போதே ஃப்ளாஷ் அடித்துவிடும். இந்தப் படத்தில் ஷட்டர் 1/500. ஃப்ளாஷை அடிக்கவைக்கும் ட்ரிகர், கேமராவோடு பேசும் வகையாக இருந்திருந்தால் கேமராவே தடுத்திருக்கும். நடுவில் ஒற்றை முனை மட்டும் இருக்கும் மலிவு ட்ரிகரைச் செருகினால், ஃப்ளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. வெயிலில் வைத்த செட்டிங்கோடு உள்ளே வந்து, முதல் படத்தைக்கூடத் திரையில் பார்க்காமல் தட்டித் தள்ளியிருக்கிறார்கள். பார்க்க ஐந்து விநாடி ஆகுமா?

கேட்டால், “ராவுலதானே எடுத்தோம்” என்கிறார்கள். எரிச்சலே இந்தப் பதிலில்தான். ரா என்பது கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் கோப்பு; சென்சார் பதிந்ததை மட்டுமே அது வைத்திருக்கும். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) தவறினால் ராவில் சேதாரமில்லாமல் மாற்றலாம். ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) இருட்டாக இருந்தால் தூக்கலாம், நிழலில் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) வரும். இதோடு சலுகை கிட்டத்தட்ட முடிந்தது. 14 பிட் ராவில் பிக்சலுக்கு 16,384 வெளிச்சப் படிகள், கேமரா சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். இந்த எண்ணைக் கேட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளைத் துணியின் மடிப்பு தெரியாமல் வெளுத்துப்போன இடத்தில் பிக்சல் நிரம்பிவிட்டது. படிகள் எத்தனை இருந்தாலும் அது நிற்பது கடைசிப் படியில். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வண்ணமும் அப்படி நிரம்பியிருந்தால், எவ்வளவு இழுத்தாலும் மடிப்பு வராது, சாம்பல் திட்டுதான் வரும்.

ஃபோகஸ் தவறியதற்கும் அசைவுக்கும் ராவில் மருந்தே கிடையாது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மிமீ லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் அகலமான திறப்பு), ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 செமீ. கண்ணில் ஃபோகஸ் பிடித்தபின் நீங்கள் முன்னால் லேசாகச் சாய்ந்தாலே கண் மங்கிக் காது கூர்மையாகிவிடும். சின்னத் திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்; கண்ணை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அசைவும் அப்படித்தான். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரில் நடப்பவரை நிறுத்தாது. 1/60இல் அவர் கை இழுபட்டே தெரியும். ஃப்ளாஷ் இல்லாமல் நடப்பவரை எடுக்கும்போது 1/250க்குக் கீழே இறங்காதீர்கள், தேவைப்பட்டால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். நாய்ஸைக் குறைக்க வழி இருக்கிறது, இழுபட்ட கைக்கு இல்லை.

திரை அசையாமல் சென்சாரே படத்தை வரிவரியாகப் படிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். எதிரில் இருப்பவர் அசையாமல் நின்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/100 அல்லது 1/50 வைத்துப் பாருங்கள்.

இடம் மாறும்போதெல்லாம் ஐஎஸ்ஓ, ஷட்டர், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ வைக்கும் +/-), டிரைவ் மோட் (ஒற்றைப் படமா, தொடர் படமா, டைமரா) நான்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நேற்று வைத்த +1 பல கேமராக்களில் இன்று வரை அப்படியே நிற்கும், சிலவற்றில் செல்ஃப் டைமரும் அப்படித்தான். இரண்டு கேமரா என்றால் கிளம்பும் முன்பே கடிகாரத்தை ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் படங்களை வரிசைப்படுத்தும் இரவில் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டும் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். லென்ஸ் திறப்பைச் சுருக்கிய எஃப் 16இல் வானத்தில் தெரியும் கறும்புள்ளிகள் பெரும்பாலும் அந்த அவசரத்தில் புகுந்த தூசிதான்.

கார்டு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுதும் விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். ஒன்று நிரம்பியபின் அடுத்தது என்று வைத்தால் அதற்குப் பேர் பேக்கப் இல்லை. வந்ததும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகலெடுத்து, கோப்பு எண்ணிக்கையை ஒப்பிட்டு, நடுவிலிருந்து சில படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட், அதுவும் கேமராவிலேயே. தவறி அழித்துவிட்டீர்களா? அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காமல் உடனே வெளியே எடுத்து வையுங்கள். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை பழைய படங்கள் மீள வாய்ப்பு இருக்கிறது.