மேற்கோள்கள் யார் கணக்கில் சேர்கின்றன?

டர்பனில் "எஸ். நாயுடு" என்ற பெயரில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் ஒரே ஒருவராக இருக்க வாய்ப்பே இல்லை. பிள்ளை, கவுண்டர், முதலியார் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். இந்தியாவில் ஒரு விதமாகவும் தென்னாப்பிரிக்காவில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்படும் பெயர்கள் இவை. முதலியார் இங்கே மூட்லி ஆகிவிட்டார். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளருக்குச் சிக்கல் இரட்டிப்பு. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் குறிப்பிடுவதுதான் மேற்கோள். அவற்றை எண்ணும் தரவுத்தளங்கள் பெயர், நிறுவனம், இணை ஆசிரியர்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, இன்னார்தான் இவர் என்று ஊகிக்கின்றன. ஊகம் பிசகினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிசகும்.

எவ்வளவு பிசகும் என்பதை எச்-குறியீட்டைக் கொண்டு பார்க்கலாம். ஓர் ஆய்வாளரின் மேற்கோள்களை ஒரே எண்ணில் சுருக்கிச் சொல்ல இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு இது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகமுள்ளதிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்த வேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் இருக்கும் கடைசி இடம்தான் குறியீடு. விந்தணு ஆய்வாளர் ஒருவரின் பத்துக் கட்டுரைகளுக்கு 210, 64, 31, 18, 11, 9, 7, 7, 4, 2 என மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழாவதற்கு 7 இருக்கிறது. எட்டாவதற்கு 8 இல்லை. ஆகவே குறியீடு 7. முதல் கட்டுரை 210-க்குப் பதில் 2,100 பெற்றாலும் இந்த 7 அசையாது. ஆனால் 64, 18, 9, 7 பெற்ற நான்கு கட்டுரைகள் பெயர்க் குழப்பத்தால் வேறொரு கணக்கில் விழுந்தால் அங்கே குறியீடு 4, மிச்சமிருக்கும் ஆறு கட்டுரைகளுக்கும் 4. உழைப்பு அப்படியே இருக்க, எண் மட்டும் பாதியை நெருங்கிவிடுகிறது.

இதற்கு மருந்தாக 2012-இல் வந்தது ஆர்கிட் எண்: ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான அடையாள எண். 16 இடங்கள் கொண்டது. கடைசி இடம் சரிபார்ப்புக்கானது. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும்போதே இதைச் சேர்த்துவிட வேண்டும். பழைய கட்டுரைகளை ஆய்வாளரே தேடி இணைக்க வேண்டும். ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் பிரிந்து கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்கத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளில் வரும் மேற்கோள்களையும் எண்ணுவதால் அதன் எண் பொதுவாகக் கூடுதலாக வரும். இரண்டு பேரை ஒப்பிடுவதானால் ஒரே தரவுத்தளத்தில் ஒப்பிடுவதுதான் நியாயம்.

பெயர் சரியானாலும் துறை வேறுபாடு இருக்கிறது. செல் உயிரியல் பெரிய துறை; அங்கே எழுதுபவர்கள் அதிகம், மேற்கோளும் வேகமாகச் சேரும். இனப்பெருக்க உயிரியல் அதைவிடச் சிறியது. அதனால் ஒரு கட்டுரையின் மேற்கோள்களை அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் சராசரியால் வகுத்துப் பார்க்கிறார்கள். சராசரி 8, இந்தக் கட்டுரைக்கு 12 என்றால் விடை 1.5. உலகச் சராசரி 1.

இத்தனை திருத்தம் செய்தும் பிடிபடாத ஒன்று உண்டு. ஓர் ஆய்வு முறை எல்லோருக்கும் பழகிப்போனால் அதை உருவாக்கிய கட்டுரையைக் குறிப்பிடுவது குறைந்துவிடும். தென்னாப்பிரிக்காவிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. கேப் டவுனை ஒட்டிய டைகர்பர்க் மருத்துவமனையில் டினஸ் க்ரூகர், ரூலஃப் மெங்க்வெல்ட் குழுவினர் விந்தணு வடிவத்தை மதிப்பிடக் கண்டிப்பான அளவுகோல் ஒன்றை 1986-இல் வெளியிட்டார்கள். சாயமேற்றிய விந்தணுவின் தலை சீரான முட்டை வடிவில் இருக்க வேண்டும். தலையின் முன்மூடி அதில் 40 முதல் 70 சதவீதத்தை மறைக்க வேண்டும். சரியா தவறா என்று ஐயம் வந்தால் அது இயல்பற்றது என்றே எண்ண வேண்டும். இந்தக் கடைசி விதிதான் முக்கியம்: அதுவரை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறிய எண்ணிக்கையை அது இறுக்கியது. இயல்பான வடிவம் 14 சதவீதத்துக்குக் கீழே போனால் சோதனைக்குழாய்க் கருவுறுதல் குறைவதைக் கண்டார்கள்; 4 சதவீதத்துக்குக் கீழே மிகவும் குறைவதை 1988-இல் காட்டினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் விந்து ஆய்வுக் கையேடு இந்தக் கண்டிப்பான முறையை ஏற்றுக்கொண்டது. அதன் 2010 பதிப்பிலும் கீழ் எல்லை 4 சதவீதம்தான், ஆனால் அது வேறு வழியில் வந்தது: துணைவி 12 மாதங்களுக்குள் கருத்தரித்த ஆண்களில் கடைசி 5 சதவீதத்தைப் பிரிக்கும் கோடு அது. இன்று ஒரு மாதிரிக்கு 200 விந்தணுக்களை இருமுறை எண்ணும் ஆய்வகங்கள் தங்கள் கட்டுரைகளில் பெரும்பாலும் கையேட்டையே மேற்கோள் காட்டுகின்றன. டைகர்பர்க் குழுவின் பங்கு மேற்கோள் எண்ணிக்கையில் தெரியாது.

ஆய்விதழின் தாக்கக் காரணியை வைத்து ஆளை எடைபோடுவது இதைவிட மோசம். ஆய்விதழ் ஒன்று முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த சராசரி மேற்கோள் அது. அந்தச் சராசரியைச் சில கட்டுரைகளே தூக்கிப்பிடிக்கும். 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கச் செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில்தான் இப்படி எடைபோடுவதற்கு எதிரான பிரகடனம் உருவானது. பிரகடனம் செல் உயிரியலாளர்களிடமிருந்து வந்தது பெருமைக்குரியது.

தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளரைத் தரப்படுத்தும்போது கடந்த எட்டு ஆண்டுப் பணியைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்து மதிப்பிடுகிறது. உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மானியமோ வேறு கணக்கு: அங்கீகரித்த ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு ஓர் அலகு, ஆசிரியர்களுக்குச் சமமாகப் பிரியும். நால்வரில் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தவர் என்றால் உள்நாட்டுக்கு 0.75. கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டினாலும் ஆயிரம் பேர் காட்டினாலும் அந்த 0.75 மாறாது.