எலும்புப்புரை: தேய்மானம் வேறு, இது வேறு

போன மாதம் அத்தை ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். டி-ஸ்கோர் என்ற இடத்தில் மைனஸ் 2.8. "எலும்பு தேஞ்சு போச்சாம்டா" என்றவர், அன்று ராத்திரியே முழங்காலுக்குத் தைலம் தடவத் தொடங்கிவிட்டார். முழங்காலில் அவருக்கு வலியே கிடையாது. தப்பு அவருடையது இல்லை, 'எலும்புத் தேய்மானம்' என்ற சொல்லுடையது. உரசி உரசிக் குறைவதுதான் தேய்மானம். மூட்டுக் குருத்தெலும்புக்கு அது பொருந்தும். அத்தைக்கு இருப்பதோ ஆஸ்டியோபோரோசிஸ். அதற்கு எலும்புப்புரை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஆஸ்டியோன்' என்றால் எலும்பு, 'போரோஸ்' என்றால் துளை, வழி. இரண்டையும் சேர்த்து நோய்ப்பெயராக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் வாழ்ந்த ழான் லோப்ஸ்டைன். துளை என்றதும் பயப்பட வேண்டாம், நல்ல எலும்பிலும் துளை உண்டு. கறிக்கடையில் ஆட்டின் முதுகெலும்பை வெட்டும்போது உற்றுப் பாருங்கள்: வெளியே கெட்டியான ஓடு, உள்ளே தேன்கூடு மாதிரி சன்னமான வலை. நோய் வந்தால் அந்த வலையின் இழைகள் மெலிந்து, சில அறுந்தே போகின்றன. துளைகள் பெரிதாகின்றன. முதுகெலும்பில் இந்த வலைப்பகுதி அதிகம் என்பதால் அது சீக்கிரம் நொறுங்கும். ஆள் குள்ளமாவதும் கூன் விழுவதும் அதனால்தான்.

தமிழில் 'புரை' என்பது உள்துளை. உள்ளுக்குள்ளேயே வழி பண்ணிக்கொண்டு பரவும் புண்ணைப் புரையோடிய புண் என்கிறோம். 'புரைதீர்ந்த நன்மை' என்று குறளில் வரும்போது அதற்குக் குற்றம் என்று பொருள். வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே பொள்ளலாகும் எலும்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

'மாதவிடாய் நின்றபின் வரும்' என்ற அடைமொழி இந்த நோய்க்குச் சேர்ந்த கதை பாஸ்டனில் நடந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஃபுல்லர் ஆல்பிரைட், 1941இல் சக மருத்துவர்களோடு வெளியிட்ட கட்டுரையில் 65 வயதுக்கு உட்பட்ட 42 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். முட்டையிடும் காலத்தில் பெண் புறாக்களின் எலும்புக்குள் புது எலும்பு சேர்வதும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தாலும் அப்படியே நடப்பதும் அப்போது தெரிந்திருந்தன. மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும் என்பதால், ஆல்பிரைட் தன் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். உடம்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து வெளியேறுவது குறைந்தது.

காரணத்தில் மட்டும் அவர் கணக்கு கொஞ்சம் பிசகியது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பைக் கட்டும் செல்கள் சோம்பிவிடுகின்றன என்று நினைத்தார். எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளமாக இருப்பதுதான் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வேலை என்பது பின்னால் தெரியவந்தது. கடிவாளம் போனதும் கட்டுவதைவிடக் கரைப்பது மிஞ்சிவிடுகிறது. ஆக, இங்கே எதுவும் எதோடும் உரசுவதில்லை.

பத்திரிகைகள் எழுதும் 'மாதவிடாய் நிறுத்தம்' எனக்கு ஒப்பவில்லை. வேலைநிறுத்தம் மாதிரி யாரோ கூடிப் பேசி நிறுத்தியதுபோல் இருக்கிறது. "எனக்கு நின்னு மூணு வருஷமாச்சு" என்றுதான் வீட்டில் பெண்கள் சொல்கிறார்கள். அது தானாக நிற்பது. மாதவிடாய் நிற்றல் என்றே எழுதலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது. அதன் வேரான 'ஆய்ஸ்ட்ரோஸ்' மாட்டைக் கடித்து வெறிபிடித்து ஓடவைக்கும் ஈயைக் குறிக்கும். அதைத் தமிழாக்கி யார் திட்டு வாங்குவது?

சரி, டி-ஸ்கோருக்கு வருவோம். ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி எலும்பு அடர்த்திக்கு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதைக் காட்டும் எண் அது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இதையெல்லாம் அத்தையிடம் பொறுமையாக விளக்கினேன். தைலத்தை எடுத்து வைத்துவிட்டார். அப்புறம் கேட்டார்: "புரைன்னா கண்ணுல விழுமே, அதுதானே? எலும்புலயுமா விழும்?"