வீட்டு வரி ரசீதில் வரும் நூலக வரி: ஊர் நூலகத்தில் நமக்கு என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். வரி 100 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 10 ரூபாய். உள்ளாட்சி அமைப்பு இதை வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களைக் கவனிக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். சென்னை தவிர்த்த மாவட்டங்களில், வசூலாகும் தொகைக்குக் குறையாமல் அரசும் தன் பங்கைத் தர வேண்டும் என்கிறது சட்டம். ஊர் நூலகத்துக்குள் தயங்கித் தயங்கிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது நம் காசில் நடக்கும் இடம்.

இதற்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சட்டம் வருவதற்கு முன்பே, 1931 அக்டோபரில், மன்னார்குடி பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் தொடங்கினார். புத்தகங்கள் ஊர் ஊராகப் போயின. கிராமத்தில் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த வண்டியே பதில் சொன்னது.

இன்று மாவட்ட மைய நூலகத்துக்குக் கீழே கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று இருக்கின்றன. உட்கார்ந்து நாளிதழ், வார இதழ், புத்தகம் படிக்கப் பணம் எதுவும் தர வேண்டாம், உறுப்பினராகவும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் உறுப்பினர் அட்டை தேவை. முகவரிச் சான்றோடு சிறு காப்புத்தொகையும் சந்தாவும் கட்டினால் போதும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வாரமெல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கோ, விலை கொடுத்து வாங்க முடியாத புத்தகங்கள் இங்கே கிடைப்பதே பாதிச் சுமையைக் குறைத்துவிடும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும் நூலகக் கட்டடம் பொது நூலகத் துறையுடையதாக இருக்காது. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்டவை அவை. நடத்த வேண்டியது ஊராட்சி. குறைந்த மதிப்பூதியத்தில் ஆள் நிற்கவில்லை, புதுப் புத்தகமும் வரவில்லை, அப்புறம் பல இடங்களில் கதவு மூடியது. கட்டடம் கட்டிய அக்கறையை நடத்துவதிலும் காட்டியிருக்க வேண்டும்.

சரி, யாரிடம் கேட்பது? ஊராட்சி நூலகம் என்றால் கிராம சபையில் மனு கொடுத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். துறை நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். ஊரில் நூலகமே இல்லையென்றால் வாடகையில்லாத இடம், சேரத் தயாராக இருக்கும் உறுப்பினர்கள், நன்கொடை தரும் புரவலர்கள் ஆகிய விவரங்களோடு பகுதி நேர நூலகம் கேட்டு அவரிடமே விண்ணப்பிக்கலாம். நூலக வரி கட்டிய ரசீதின் நகலையும் சேர்த்து வையுங்கள்.