குடலில் புண், முழங்காலில் வீக்கம்

குரோன் நோய் குடல் நோய்தான். ஆனால் சிலருக்கு அது முதலில் தலைகாட்டுவது மூட்டில். வீங்கிய முழங்காலோடு எலும்பு டாக்டரிடம் போகிறவர், மாதக்கணக்கில் வந்துபோகும் வயிற்றுப்போக்கை அங்கே சொல்வதில்லை. முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இந்த நோயை விவரித்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேல் நோய் எதிர்ப்பு அணுக்கள் அளவுக்கு மீறிப் பாய, குடல் சுவர் முழு ஆழத்துக்கும் அழற்சியில் வேகிறது.

அந்த அணுக்கள் எல்லாமே குடலோடு நின்றுவிடுவதில்லை. சில ரத்தத்தில் கலந்து, மூட்டின் உள்சவ்வில் இருக்கும் ரத்தக் குழாய்களிலும் ஒட்டிக்கொள்கின்றன என்பது ஒரு முக்கியமான விளக்கம். டிஎன்எஃப் என்ற புரதம் இரண்டு இடத்திலும் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது.

முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில் வரும் வீக்கம் பெரும்பாலும் குடலோடு சேர்ந்தே ஏறி இறங்கும். சில வாரங்களில் தானே அடங்குவதும் உண்டு. விரல் மூட்டுகளில் வருவது குடலைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் நீடிக்கும். முதுகுத்தண்டு வலியும் அப்படித்தான், தன் போக்கில் போகும். படுத்திருந்தால் கூடும், நடந்தால் குறையும், காலையில் அரை மணிக்கு மேல் முதுகு மரக்கட்டையாக இருக்கும். வேலை செய்து வரும் முதுகுவலி ஓய்வில் குறையும் என்பதால், இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொல்வது ரொம்ப முக்கியம்.

சரி, மருந்து? சிக்கலே இங்கேதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மூட்டு வலியைக் குறைத்தாலும் குடல் நோயைக் கிளறிவிடக்கூடும். செக்குகினுமாப் முதுகுத்தண்டு அழற்சிக்கு நல்ல மருந்து; குரோன் உள்ளவருக்கு அதே மருந்து குடலை மோசமாக்கலாம். எட்டனர்செப்ட் மூட்டுக்குக் கேட்கும், குடலுக்குக் கேட்காது. வெடோலிசுமாப் குடலைக் குறிவைத்தே செய்யப்பட்டது, மூட்டுக்கு அதை நம்ப முடியாது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசிகள் இரு பக்கமும் வேலை செய்கின்றன. அதனால் குடல் டாக்டரும் மூட்டு டாக்டரும் பேசிக்கொண்டு மருந்தை முடிவு செய்வதே நல்லது.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. குடல் காசநோயும் அதே கடைசிச் சிறுகுடலில் வந்து, பார்வைக்குக் குரோன் போலவே இருக்கும். டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி, உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடலாம். ஊசியைத் தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது அதனால்தான்.