ஸ்டான்ஸ்: நிலைப்பாடு அல்ல, நிலை

கோல்ப் பற்றித் தமிழில் எழுதும்போது, பந்தை அடிக்க நிற்கும் விதமான ‘ஸ்டான்ஸ்’ என்பதை ‘நிலைப்பாடு’ என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. கொழும்பில் பத்திரிகை வாசிக்கும் யாருக்கும் நிலைப்பாடு என்றால் அரசின் நிலைப்பாடு, கட்சியின் நிலைப்பாடுதான். அங்கே நிற்பது கருத்து. கோல்பில் நிற்பது ஆள்.

சொல்லின் வேரும் அதையே சொல்கிறது. ‘நில்’ என்ற பொருளுடைய லத்தீன் வினை ‘ஸ்தாரே’. அதிலிருந்து இத்தாலிய ‘ஸ்தான்சா’, பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். நாம் அறிந்த வடமொழி ‘ஸ்தானம்’ கூட அதே தொல்வேரில் கிளைத்ததுதான்.

அப்படியானால் ‘கால்நிலை’ என்று சொல்லலாமா? நானும் சில காலம் அப்படித்தான் எழுதினேன். ஒரு புள்ளி தவறினால் அது காலநிலை ஆகிவிடும். அதைவிடப் பெரிய குறை, பொருள் குறுகிவிடுவது. அடிக்கத் தயாராகும்போதும் அடிக்கும்போதும் பாதங்களும் உடலும் இருக்கும் விதத்தையே கோல்ப் விதிகள் ஸ்டான்ஸ் என்கின்றன. வெறும் கால் போதாது.

நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. வில்லாளி நிற்கும் முறைகளை ஆலீடம், பிரத்தியாலீடம், மண்டலம், பைசாசம் என நான்காகப் பிரித்து, ‘வில்லோர் நிலை’ என்றார்கள் முன்னோர். குறி வைப்பதற்கு முன் உடலை நிறுத்தும் விதம், அவ்வளவுதான். ஆகவே ‘நிலை’ போதும். குழப்பம் வருமிடத்தில் ‘நிற்கும் நிலை’ என்று எழுதலாம்.

இதனோடு பிரியாமல் வருவது பந்தின் இடம். வலக்கை ஆட்டக்காரருக்கு, வெகுதூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவர் என்றால் பந்து இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக இருக்க வேண்டும். கால்கள் தோளகலத்தைவிடச் சற்று அகலலாம். பந்தைக் கிட்டத்தில் உயர எழுப்பும் மட்டையான வெட்ஜ் என்றால் பந்து ஏறக்குறைய நடுவில். நடுத்தர அயர்ன்கள், அதாவது நடுத்தூரத்துக்கான உலோகத்தலை மட்டைகள் என்றால், இரண்டுக்கும் இடையில். காரணம் மட்டை சுழலும் வளைவு. டீ என்ற சிறு முளையில் வைத்த பந்தை, மட்டை வளைவின் தாழ்ந்த புள்ளியைத் தாண்டி மேலேறும்போது அடிக்க வேண்டும். தரையில் கிடக்கும் பந்தை அயர்ன் கீழிறங்கும்போதே தொட்டு, அப்புறம்தான் புல்லைத் தொட வேண்டும்.

அளக்கும்போது குதிகாலைத்தான் பார்க்க வேண்டும். இடது பாதத்தின் விரல்களை வெளியே திருப்பினால் பந்து நடுவுக்கு வந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிப் பந்தை முன்னே நகர்த்தி, அயர்னால் அதன் தலையில் அடித்து, புல்லோடு உருட்டிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. கால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, விரல் திரும்பியது மட்டுமே!

கொழும்பில் ஒரு காலத்தில் காலிமுகத்திடலில் ஆடிய ஆட்டம் கோல்ப். இன்று பொரளைப் பக்கத்துக் கோல்ப் மைதானத்தின் ஊடே களனிவெளி ரயில் போகிறது. இந்த நகரத்தில் கிரிக்கெட்டுக்குத் துடுப்பாட்டம், களத்தடுப்பு என்று அழகான சொற்கள் புழங்குகின்றன. கோல்புக்கும் அப்படிச் சொற்கள் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பயன்பாடு: “டிரைவருக்கு நிலையை அகட்டு, பந்தின் இடம் இடது குதிகால்.” “மணற்குழியில் திறந்த நிலை; இடது காலைக் கொஞ்சம் பின்னே எடு.”