நோட்ஸ் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கட்டும்

மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு தம்பி, முதலாம் ஆண்டு தொடங்கி இரண்டாம் கிழமை என் மேசைக்கு வந்தார். விழிப்புலன் அற்றவர். லப்டொப்பைத் திறந்து வைத்து, "அக்கா, சேர் அனுப்பின நோட்ஸ் ஒன்றுமே விளங்குதில்லை. ஏதோ இங்கிலீஷ் எழுத்தாச் சொல்லிக்கொண்டு போகுது" என்றார். இயர்போனை வாங்கி நானும் கேட்டேன். "ஜே கே பி ஓ" என்று இயந்திரக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் திரையில் இருந்த சொல் 'தமிழ்'.

கோளாறு அவருடைய கணினியில் இல்லை. குறிப்பு பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்கும்போது கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்படுகிறது. பார்க்கிற கண்ணுக்கு அது தமிழ். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானோ உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தமிழாகவே பதியும் யூனிகோடில் தட்டியிருந்தால் அதே வரியைத் தமிழாகவே சொல்லியிருக்கும். இதற்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. அந்தத் தம்பி பாவிக்கும் திரைவாசிப்பானான என்விடிஏ இலவச மென்பொருள். விழிப்புலனற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது அது.

நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் துணையாகப் பட்டதாரி உதவியாளராக வேலை செய்கிறேன். வேலை என்னவென்று சொன்னால், "கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப் போவீர்களா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் நாளில் பெரும்பகுதி குறிப்புகளை மாற்றுவதிலேயே போகிறது.

பாமினியில் இருந்தாலும் வேர்ட் ஃபைல் வந்தால் சிக்கலில்லை, மாற்றியில் போட்டுச் சில நிமிடத்தில் யூனிகோடாக்கிவிடலாம். போட்டோக்கொப்பியை ஸ்கேன் செய்து அனுப்பும்போதுதான் திண்டாட்டம். கூகுள் டிரைவில் போட்டு எழுத்தைப் பிரித்தெடுப்பேன். 'ர'வையும் கால் குறியையும் ('ா') அது மாற்றிப் போடும், 'ண'வை 'ன' ஆக்கும், அட்டவணையைக் குலைத்துவிடும். வரிவரியாகத் திருத்த வேண்டும். இருபது பக்கத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். அதற்குள் விரிவுரை முடிந்து, கலந்துரையாடலும் முடிந்து, மற்றப் பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். கிழமைக்குக் கிழமை இப்படியே பின்தங்கும் பிள்ளையைப் பார்த்து, "பாவம், அவரால் ஏலாது" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். அவரிடம் என்ன குறை? குறிப்பு கையில் கிடைக்கவே இல்லையே!

விரிவுரையாளர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். ஸ்கேன் வேண்டாம், மூல ஃபைலை அனுப்புங்கள். வகுப்புக்கு ஒரு கிழமை முன்னால் அனுப்புங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தில் மட்டும் விடாமல், வேர்டில் உள்ள தலைப்புப் பாணியில் போடுங்கள், மாணவர் ஒரே விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வரைபடம் இருந்தால் அது என்ன காட்டுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். செவிப்புலன் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். உதட்டசைவைப் பார்த்துத்தான் அவர் பாதியையாவது பிடிக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றமும் அவற்றை வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆவது உறுப்புரை, உயர்கல்வியிலும் தேவைக்கேற்ற வசதிகளை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஆக, ஒரு மாணவர் வாசிக்கக்கூடிய குறிப்பைக் கேட்டால் அவர் சலுகை கேட்கவில்லை.

இதையெல்லாம் நானும் பிழைவிட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாழ்ப்பாணத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்த ஒரு தங்கச்சியையும் அவருடைய அம்மாவையும் சந்தித்தேன். "பிள்ளைக்குக் கீழ்மாடி வகுப்பு வசதியா இருக்குமா, அம்மா?" என்று தாயாரைக் கேட்டேன். தாயார் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா படிக்க வரேல்லை அக்கா, நான்தான் வந்திருக்கிறன். என்னட்டக் கேளுங்கோ" என்றார் தங்கச்சி. அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. அன்றிலிருந்து முதல் கேள்வி மாணவரிடம்தான்.

வலிப்பு, மனச்சோர்வு, வாசிப்பதில் உள்ள சிரமம் போன்றவை வெளியில் தெரியாது. வீட்டுக்காரரே "கம்பஸில சொல்லாதே" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி மறைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களிடம் சொல்வதை விரிவுரையாளருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. "இவருக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் தேவை" என்பது மட்டும் கடிதத்தில் போனால் போதும், நோயின் பெயர் போகத் தேவையில்லை. ஆனால் பரீட்சைக்கு முதல்நாள் வராதீர்கள். சொல்லச் சொல்ல எழுதுபவர் ஒருவர் வேண்டுமென்றால் தனி அறை வேண்டும், அவரோடு ஒருமுறையாவது உட்கார்ந்து பழகவும் வேண்டும். "புதிய பந்தி" என்று எப்போது சொல்வது, பாடச்சொற்களை எப்படி எழுத்துக்கூட்டுவது என்பதெல்லாம் பரீட்சை மண்டபத்தில் பழகும் விஷயங்கள் அல்ல.

அந்த மட்டக்களப்புத் தம்பிக்கு இந்த அரையாண்டில் நான்கு பாடங்கள். ஒரு பாடத்தின் குறிப்பு மட்டும் ஞாயிறு இரவே யூனிகோடில் வந்துவிடுகிறது. வெள்ளவத்தைப் போர்டிங்கில் இருந்தே கேட்டு முடித்துவிட்டு, செவ்வாய் வகுப்புக்குக் கேள்வியோடு போகிறார். மற்ற மூன்றையும் நான் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.